விருந்தாளியிடம் மறைத்த ஈரம்

புயல் கடந்து, வானம் துடைத்துவைத்த தட்டு மாதிரி ஆன பிறகும் தெமெலினாவின் வீட்டுக்குள் மழை விடவில்லை. அது கண்ணுக்குத் தெரியாத மழை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு அவள் கட்டிலில் சாயும் நேரத்தில் தலைமாட்டுச் சுவருக்குள் அது மெல்ல இறங்கும். சொட்டுகிற சத்தம் கிடையாது. யாரோ நனைந்த துணியை இழுத்துக்கொண்டு படியிறங்குகிற மாதிரி ஓர் ஓசை. அரைத் தூக்கத்தில் அது கேட்கும்போது, வீடு நங்கூரத்தை எடுத்துவிட்டதாக அவளுக்குத் தோன்றும். கட்டில், அலமாரி, கல்யாணப் படம், மாதாவின் முன்னால் எரிகிற எண்ணெய் விளக்கு எல்லாமாகச் சேர்ந்து ஆற்றுவாயைத் தாண்டிக் கடலுக்குள் போய்க்கொண்டிருக்கும். பயமாக இராது. விழித்த பிறகுதான் பயம்.

தெமெலினா என்றால் எந்தத் தெமெலினா என்று டார்பன் ஸ்பிரிங்ஸில் கேட்பார்கள். கலிம்னோஸ் தீவிலிருந்து கடற்பஞ்சு எடுக்க இந்த ஃப்ளோரிடா கரைக்கு வந்து இறங்கிய குடும்பங்களில் தெருவுக்கு ஒரு தெமெலினா உண்டு. இவள் செவாஸ்தியின் மூத்த மகள். பஞ்சுக்காகக் கடலில் முங்கின பந்தெலிஸின் மனைவி. அவர் போய்ச் சேர்ந்து ரொம்ப வருஷமாகிறது. ஆனால் தெமெலினா வீடு என்று சொன்னால் ஒருவருக்கும் சந்தேகம் வராது. பாதிரியாரிலிருந்து மீன்காரர் வரை ஒரே பேச்சு: அந்த வீட்டுத் தரையில் தட்டு இல்லாமலே சாப்பிடலாம்.

எங்கள் ஆட்களில் வீடு பெண்ணுக்குத்தான். மூத்த மகளுக்குக் கல்யாணம் ஆனதும் தாய் சாவியைக் கையில் கொடுத்துவிட்டு, தான் ஒதுங்க வேறு இடம் பார்த்துக்கொள்வாள். செவாஸ்தி அப்படித்தான் கொடுத்தாள். தெமெலினாவுக்கு வாய்த்தது ஒரே பிள்ளை, சக்கெல்லாரிஸ். அவன் அட்லாண்டாவில் உத்தியோகம் பார்க்கிறான். சாவியை வாங்கிக்கொள்ள மகள் இல்லாததால் அந்த வீட்டை விட்டு ஒதுங்க வேண்டிய அவசியம் அவளுக்கு வரவே இல்லை. கடைசி மூச்சையும் அங்கேயே விடலாம் என்று நிம்மதியாக இருந்தாள்.

அக்டோபர் மாதத்துப் புயல் அவள் வீட்டில் செய்தது விநோதமான காரியம். தகரக் கூரையின் ஒரு பக்கத்தைக் காற்று அப்படியே தூக்கி, உள்ளே மழையைக் கொட்டிவிட்டு, மறுபடி அதே இடத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டது. தெருவிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே முன்னறையின் மரத்தட்டு உட்கூரையில் தேநீர் நிறத்தில் கறை படர்ந்திருந்தது. சுவர் ஒரு பக்கம் உப்பியிருந்தது. தரைப்பலகை ஒன்று மெதுவாக முதுகைத் தூக்கிக்கொண்டிருந்தது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு ஃபோன் செய்தாள். சேதத்தைப் பார்த்துக் கணக்குப் போட ஆள் வருவார் என்றார்கள். தப்பு அங்கேதான் தொடங்கியது. 'ஆள் வருவார்' என்றதும் அவள் மனதில் விழுந்தது ஒன்றே ஒன்று: வீட்டுக்கு ஆள் வருகிறார்.

கொழுந்தன் மீக்கெஸ் படகுத்துறையில் பஞ்சுக்கடை வைத்திருக்கிறான். அவனைக் கூப்பிட்டாள்.

"மதினி, கவலையை விடுங்க. படகுக்குப் பூசுற வெள்ளை என்கிட்ட இருக்கு. ரெண்டு கை பூசிட்டா கடலே மேல ஏறி நின்னாலும் கீழ தெரியாது."

பூசினான். உட்கூரையும் கதவு நிலையும் புது முட்டை மாதிரி ஆயின. உப்பின சுவரில் கல்யாணப் படத்தை மாட்டினாள். பலகை முதுகில் கம்பளத்தை விரித்தாள். பின்னல் விரிப்புகளுக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி செய்தாள். மீக்கெஸின் மனைவி கலோதீனா வாசலில் நின்றுகொண்டு இதையெல்லாம் பார்த்தாள். ஓரகத்திகள் இருவருக்கும் இடையில் யார் வீடு சுத்தம் என்ற போட்டி, இரண்டு கல்யாணமும் ஆன நாளிலிருந்து உண்டு.

"ஏன்க்கா, வர்றவன் பொண்ணு பாக்கவா வர்றான்?"

"எதுக்கு வந்தா என்னடி? வாசப்படி ஏறிட்டான்னா விருந்தாளி. உன் வீடா இருந்தா கால் தடுக்கி விழுவான், எழுந்து போயிடுவான். இது என் வீடு."

"ஆமா, என் வீட்டுல விழுறவன் மெத்தையிலதான் விழுவான். உங்க வீட்டுல உக்காரவே பயப்படணும், விரிப்பு கசங்கிடும்னு."

கம்பெனிக்காரன் பெயர் ட்ரென்ட். இளவயசு, வெளுத்த முகம், ஏதோ வடக்கு மாநிலத்திலிருந்து புயலுக்காக அனுப்பப்பட்டவன். ஏணியோடு வந்தான். ஏணியை வாசலிலேயே வைக்கச் சொல்லிவிட்டாள். முதலில் தட்டு வந்தது: கரண்டியில் ஆரஞ்சுத்தோல் பாகு, குளிர்ந்த தண்ணீர், சின்னக் கோப்பையில் காபி. அவனை உட்காரவைத்த நாற்காலியையும் அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். உட்கூரை லேசாகத் தொய்ந்திருப்பது அந்த ஒரு நாற்காலியிலிருந்து மட்டும் தெரியாது.

"பரண்ல ஒரு தடவை ஏறிப் பாத்துடறேம்மா," என்றான்.

"அங்க என்ன இருக்கு, தூசிதான். உன் சட்டை என்னத்துக்கு ஆகும்? காபி ஆறுது பாரு."

பாவம், அன்று அவன் பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் எத்தனையோ இருந்தன. வெளியே சுற்றி வந்து படம் எடுத்துக்கொண்டான். எள் பிஸ்கட் ஒரு டப்பா நிறைய வாங்கிக்கொண்டு கும்பிடு போடாத குறையாகப் போனான். அன்று மத்தியானம் தெமெலினா நிம்மதியாகத் தூங்கினாள். மானம் காப்பாற்றப்பட்டது.

கம்பெனியின் பதில் வந்தபோது மீக்கெஸ்தான் படித்துச் சொன்னான். மிக நன்றாகப் பராமரிக்கப்பட்ட வீடு என்று முதலில் இருந்தது. தெமெலினாவுக்கு முகம் மலர்ந்தது. "கலோதீனாகிட்ட இதைப் படிச்சுக் காட்டு," என்றாள். மீக்கெஸ் தலையைச் சொறிந்துகொண்டே மீதியைப் படித்தான். வெளியே சிறு சேதம்தான். வீட்டுக்காரர் தன் பங்காக ஏற்க வேண்டிய தொகைக்குக்கூட அது வராது. ஆகவே கம்பெனி தருவதற்கு ஒன்றுமில்லை.

அதற்குள் உட்கூரை காற்று வாங்கிய படகுப் பாய் மாதிரி கீழே இறங்க ஆரம்பித்திருந்தது. படகு வண்ணம் தண்ணீரை உள்ளே விடாது. அதேபோல் உள்ளே இருக்கிற தண்ணீரை வெளியேயும் விடாது. வீடு வாயை மூடிக்கொண்டு ஊறிக்கொண்டிருந்தது.

சக்கெல்லாரிஸ் ஃபோனில் பேசினான். நல்ல பிள்ளைதான், குரலை உயர்த்தமாட்டான்.

"அம்மா, கூரை வேலைக்கு நீயும் நானும் சேர்ந்து கடன் வாங்கினாலும் காணாது. அந்த மனையை ஒருத்தர் கேக்கறார். பழசை இடிச்சுட்டுத் தூண் மேல வீடு கட்டுவாராம். ஈஸ்டருக்குள்ள ஒரு வழி பிறக்கலைன்னா விட்டுடலாம்மா. என்கூட வந்து இரு. இங்க உனக்கு ஒரு ரூம் இருக்கு."

"அந்த ரூம்ல ஜன்னலைத் திறந்தா என்னடா தெரியும்?"

கொஞ்ச நேரம் யோசித்தான். "கார் நிறுத்துற இடம்."

அவள் ஃபோனை வைத்துவிட்டு, கம்பளத்தின் மேல் நின்று, பாதத்துக்குக் கீழே பலகை மூச்சு விடுவதை உணர்ந்துகொண்டிருந்தாள்.

படகு வண்ணம் பூசினவன் மீக்கெஸ். அவனுக்குக் குற்ற உணர்ச்சி. படகுத்துறையில் நாலு பேரிடம் விசாரித்து, ஒரு நாள் காலையில் டாம்பாவிலிருந்து ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஓதாலிஸ் என்று பெயர். கியூபாக்காரர்கள் வழி, அவள் அப்பாவின் குடும்பம் முழுக்கச் சுருட்டு சுற்றினவர்கள். நாற்பது வயதிருக்கும். ஆண்கள் போடுகிற கனத்த பூட்ஸ், தலையில் தூக்கிவிட்ட கறுப்புக் கண்ணாடி, தோளில் ஒரு பை.

"இவங்க பப்ளிக் அட்ஜஸ்டர், மதினி. லைசன்ஸ் இருக்கு."

"அன்னிக்கு வந்தானே ஒரு பையன், அவனும் அட்ஜஸ்டர்னுதானே சொன்னான்?"

ஓதாலிஸ் பதில் சொன்னாள். "அவர் கம்பெனியோட ஆள்மா. கம்பெனிக்காகப் பாப்பார். நான் உங்க ஆளு. உங்களுக்காகப் பாத்து, கணக்குப் போட்டு, கம்பெனிகிட்டப் பேசுவேன். அவங்க குடுத்தா அதுல பத்துல ஒரு பங்கு எனக்கு."

"குடுக்கலைன்னா?"

"காபி குடிச்ச கணக்கோட கிளம்பிடுவேன்."

தெமெலினா தட்டை எடுத்து வந்து, அதே நாற்காலியைக் காட்டினாள். ஓதாலிஸ் பாகை நின்றுகொண்டே வாயில் போட்டுக்கொண்டாள். கண்ணை மூடி ரசித்தாள். கண்ணைத் திறந்தபோது உட்கூரையைப் பார்த்தாள். பையிலிருந்து, ஈரத்தை அளக்கிற இரண்டு ஊசி வைத்த சின்னக் கருவியை எடுத்துக் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் சுவரில் வைத்தாள். அது குழந்தை மாதிரி வீறிட்டது.

"படத்தை இறக்கலாமா?"

தெமெலினா மீக்கெஸைப் பார்த்தாள். மீக்கெஸ் ஜன்னலைப் பார்த்தான். படத்தை அவளே இறக்கினாள்.

அப்புறம் ஓதாலிஸ் ஒரு கேமராவை எடுத்தாள். சூடான இடத்தை ஆரஞ்சு நிறமாகவும், ஈரத்தால் குளிர்ந்த இடத்தை நீலமாகவும் காட்டுகிற கேமரா. "இங்க வாங்கம்மா, உங்க வீட்டைப் பாருங்க," என்று திரையைக் காட்டினாள்.

தெமெலினா பார்த்தாள். அவளுடைய முன்னறையே அந்தச் சின்னத் திரைக்குள் சாயங்கால வெளிச்சம் பட்ட மாதிரி ஆரஞ்சாக நின்றது. அதன் நடுவே, உட்கூரையிலிருந்து தரைவரை, நீலம் இறங்கிக்கொண்டிருந்தது. விழுது விழுதாக, கடலடியில் அசைகிற பாசி மாதிரி. மூலையில் வளைந்து, கதவு நிலையைச் சுற்றி, மாதா படத்துக்குப் பின்னால் போய்த் தேங்கியிருந்தது. பந்தெலிஸ் கடலடியைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் அவள் மனதில் கற்பனை செய்தது இந்த நீலத்தைத்தான். அவர் முங்கிப் பார்த்ததை இத்தனை வருஷம் கழித்து, தன் வீட்டுச் சுவருக்குள்ளேயே தானும் பார்ப்பதாக நினைத்தாள். அழகாக இருந்தது. அதைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது.

மீக்கெஸ் எடுத்து வந்த ஏணியில் ஓதாலிஸ் ஏறி, உட்கூரையின் ஓரத்தில் நகத்தால் நிமிண்டினாள். வெள்ளை வண்ணம் தோல் மாதிரி உரிந்து வந்தது. அடியில் புயல் மழையின் பழுப்புக் கறை, வட்டம் வட்டமாக, புயலன்று இருந்தபடியே இருந்தது.

"இது எப்ப பூசினது?"

மீக்கெஸ் ஏணியின் காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"கம்பெனி ஆள் வர்றதுக்கு முன்னாடியா?"

"முந்தின நாள்," என்றான் மீக்கெஸ், தரையைப் பார்த்துக்கொண்டு. "விருந்தாளி வர்றார்னு மதினி சொன்னாங்க."

ஓதாலிஸ் ஏணியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கினதும் சிரித்தாள், ஏணி ஆடுகிற அளவுக்கு. "என் தொழில்ல ஜனங்க இல்லாத சேதத்தை இருக்குன்னு காட்டுவாங்க. ஒருத்தர் சுவத்துல பக்கெட் தண்ணியை ஊத்திட்டு என்னைக் கூப்பிட்டார். இருக்கிற சேதத்தை மூடி வச்சுட்டுப் பிஸ்கட் குடுத்து அனுப்பினவங்களை இப்பத்தான் பாக்கறேன்!"

தெமெலினாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "உன் அம்மா என்ன பண்ணியிருப்பா?" என்று கேட்டாள்.

ஓதாலிஸின் சிரிப்பு நின்றது. "எங்கம்மாவும் சுவத்தைத் துடைச்சிருப்பாங்க," என்றாள்.

தெமெலினா ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகு ஓதாலிஸ் சொன்ன நிபந்தனைதான் கடினமானது. இனிமேல் எதையும் மூடக் கூடாது. படம் இறங்கியது இறங்கியபடி, கம்பளம் சுருட்டியது சுருட்டியபடி. உரிந்த மூலை உரிந்தபடி. மீதி வண்ணத்தைத் தொடவே கூடாது, அது கம்பெனி கண்ணால் பார்க்க வேண்டியது. இன்னும் நனையாமல் இருக்கக் கூரை மேல் நீலத் தார்ப்பாய் கட்ட வேண்டும்.

"தெருவுல போறவங்களுக்குத் தெரியுமே!"

"தெரியட்டும்மா. இந்தத் தெருவுல பாதிக் கூரை நீலமாத்தான் இருக்கு."

தார்ப்பாய் கட்டியதும் வீட்டுக்குள் மழை நின்றது. ஆனால் வீட்டின் காயங்கள் எல்லாம் திறந்து கிடந்தன. தெமெலினா அவற்றின் நடுவே அரைத் தூக்கத்தில் நடமாடுகிறவள் மாதிரி இருந்தாள். துடைக்கக் கை தானாகப் போகும், நடுவில் நிற்கும். மத்தியானங்களில் முன்னறையிலேயே படுத்துக்கொண்டு கறையைப் பார்த்தாள். ஒரு நாள் அது கலிம்னோஸ் தீவு. அவள் பிறந்தது இங்கேதான், அந்தத் தீவுக்கு ஒரே ஒரு முறைதான் போயிருக்கிறாள். என்றாலும் துறைமுகத்தின் வளைவு சரியாக இருந்தது. மறுநாள் அது செவாஸ்தியின் பக்கவாட்டு முகம். அப்புறம் வெறும் மேகம். கறையோடு பழகலாம் என்பது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. மறைத்துவைத்திருந்த நாட்களில்தான் அது அவளைத் தூங்கவிடவில்லை.

ஜனவரியில் திருக்காட்சித் திருநாள் வந்தது. சிலுவை தண்ணீருக்குள் எறியப்பட்டு, யாரோ ஒரு பையன் அதை எடுத்து, ஊரே ஆடி முடித்தது. பாதிரியார் வீடு வீடாக மந்திரித்த தண்ணீர் தெளிக்க வந்தார். அவர் பின்னால் கலோதீனா. வேண்டுமென்றேதான் வந்தாள்.

பாதிரியார் துளசிக் கொத்தை முக்கி, முன்னறை மூலைகளில் தெளித்துக்கொண்டே மேலே பார்த்தார். கை அப்படியே நின்றது.

"தெமெலினா, இங்க எனக்கு முன்னாடியே யாரோ தெளிச்சிட்டுப் போயிருக்காங்க போல."

"ஆமா சாமி. கொஞ்சம் தாராளமா."

அவர் சிரித்தார். இன்னொரு முறை, அந்தக் கறையின் மேலேயே ஒரு வீச்சுத் தெளித்துவிட்டுப் போனார். கலோதீனா மட்டும் போகாமல் நின்றாள். உரிந்த மூலை, வெறும் சுவர், முதுகு தூக்கிய பலகை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். தெமெலினா காத்திருந்தாள். இருபது வருஷத்துக்குப் போதுமான வார்த்தை இப்போது வரும் என்று நினைத்தாள்.

"கஷ்டமா இல்லையாக்கா, இப்படியே விட்டு வச்சிருக்கிறது?"

"இருக்கு."

கலோதீனா தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

கம்பெனியிடமிருந்து ஓதாலிஸுக்கு வந்த பதில் மரியாதையாகவும் கல் மாதிரியும் இருந்தது. எங்கள் ஆள் வந்து பார்த்த நாளில் வீடு நல்ல நிலையில் இருந்தது, ஆகவே இந்தச் சேதம் பிற்பாடு, கவனிப்பில்லாமல் வந்தது, புயலால் அல்ல. ஓதாலிஸ் விடவில்லை. மறுபடி வந்து பார்த்தே ஆக வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். சம்மதித்தார்கள். அதே ஆளை அனுப்புவதாகச் சொன்னார்கள்.

"அவர் வந்ததும் நான் படம், கணக்கு எல்லாம் காட்டுவேன்மா," என்றாள் ஓதாலிஸ். "ஆனா அன்னிக்கு நடந்ததை நான் சொன்னா அது வெறும் பேச்சு. நீங்கதான் சொல்லணும். என்னத்தை மூடினீங்க, எங்க மூடினீங்கன்னு ஒண்ணு விடாம. சொன்னா வீடு நிக்கும். இல்லைன்னா இதுக்கு மேல என்னால ஒண்ணும் ஆகாது."

"அவன்கிட்டப் பொய் காட்டினேன்னு அவன் மூஞ்சிக்கு நேரா சொல்லணும்."

"ஆமாம்மா."

ட்ரென்ட் ஏணியோடு வந்தான். வாசலிலேயே தயங்கினான். மேசை வெறுமையாக இருந்தது. விரிப்பில்லை, தட்டில்லை. தெமெலினா கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். மீக்கெஸும் கலோதீனாவும் சமையலறைக் கதவருகே நின்றார்கள். அவன் பழைய ஞாபகத்தில் அந்த நாற்காலியை நோக்கிப் போனான்.

"அதுல உக்காராதே தம்பி," என்றாள் தெமெலினா.

அவன் திரும்பினான்.

"அன்னிக்கு உன்னை அதுல உக்கார வச்சதே நான்தான். அங்க உக்காந்தா மேல தொங்குறது தெரியாது. இங்க வா. இங்க நில்லு. இப்பப் பாரு."

பார்த்தான்.

"இந்தச் சுவத்துல ஒரு படம் பாத்தே இல்ல? நல்ல ஜோடின்னு சொன்னே. அதை முந்தின நாள் மாட்டினேன். சுவரு உப்பியிருந்துச்சு. நீ கால் வச்ச கம்பளம், அதுவும் முந்தின நாள் விரிச்சது. மேல வண்ணம் அடிச்சது இதோ நிக்கிறானே, இவன். பரண்ல தூசின்னு சொன்னேன். தூசி இல்ல. அங்க நின்னா வானம் தெரியும். நீ ஏறிடுவியோன்னு பயந்துதான் காபி காபின்னு உன் உயிரை எடுத்தேன்." குரல் இறங்கியது. "நீ என் வீட்டுக்கு முதல் தடவை வந்தே. ஒழுகுற வீட்டைக் காட்ட எனக்கு மனசு வரலை. ஏமாத்தணும்னு இல்ல. ஏமாத்தித்தான் இருக்கேன்."

கலோதீனா கழுத்துத் துணியின் ஓரத்தை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். மீக்கெஸ் தன் செருப்பைப் பார்த்தான். ட்ரென்ட் தன் வலது கை மணிக்கட்டைத் தடவினான்.

"அன்னிக்கு இங்கேர்ந்து போனப்ப என் சட்டைக் கையில வெள்ளை ஒட்டியிருந்துச்சும்மா. கதவு நிலையில சாஞ்சிருப்பேன். எங்கேர்ந்து வந்துச்சுன்னு யோசிச்சேன், அப்புறம் மறந்துட்டேன். வண்ண வாசனையும் அடிச்சுது. ஏதோ பண்டிகை வருது போலன்னு நினைச்சுக்கிட்டேன்." ஏணியை எடுத்தான். "பரணுக்கு வழி எது?"

ஏறினான். மேலே அவன் நடக்கிற சத்தம் கேட்டது. பலகைகள் ஒவ்வொன்றாக முனகின. அந்தச் சத்தம் தெமெலினாவின் தலைக்கு மேலே மெல்ல நகர்ந்துபோவதை, கீழே நின்றபடி அவள் முகத்தைத் தூக்கித் தொடர்ந்துகொண்டே இருந்தாள். தண்ணீருக்கு அடியில் நிற்கிறவளுக்கு மேலே ஒரு படகு கடந்துபோகிற மாதிரி இருந்தது. அவனுடைய கேமரா வெளிச்சம் உட்கூரைத் தட்டின் இடுக்குகளில் பளிச் பளிச்சென்று ஒழுகியது. ஓதாலிஸ் வண்ணத்தை இழுத்து உரித்தாள். பெரிய தாளாகக் கழன்று வந்தது. மேலே ஒருவரும் கீழே ஒருவரும் ஒரே கறையைப் படம் எடுத்தார்கள்.

இறங்கி வந்தபோது அவன் சட்டை முழுக்க அழுக்கு. "நான் பாத்ததை எழுதறேன்," என்றான். "முடிவு என் கையில இல்லம்மா. ஆனா முதல்ல வந்த அன்னிக்கே இது இருந்துச்சுன்னு எழுதறேன்."

கம்பெனி முழுசாக இறங்கிவரவில்லை. இரண்டு முறை மறுத்து, ஓதாலிஸ் மூன்று முறை போராடி, மார்ச் மாத வெயில் காய ஆரம்பித்த சமயத்தில் பதில் வந்தது. கூரைக்குத் தருவோம். உட்கூரைக்கும் சுவருக்கும் தருவோம். தரைக்குத் தரமாட்டோம், அது வண்ணம் பூசி, கம்பளம் போட்டு மூடினதால் ஊறிக் கெட்டது. நியாயம்தான் என்று தெமெலினாவே சொன்னாள். தரைக்கு மீக்கெஸ் பொறுப்பு என்று கலோதீனா அங்கேயே தீர்ப்பு சொல்லிவிட்டாள். "படகுப் பலகை போட்டுக் குடுக்கட்டும். படகு வண்ணம் பூசத் தெரிஞ்சுதில்ல?"

சக்கெல்லாரிஸுக்கு ஃபோன் செய்தாள்.

"அந்த மனை கேட்டவர்கிட்டச் சொல்லிடுப்பா. விக்கலை."

"நிஜமாவாம்மா? எப்படி?"

"எல்லாத்தையும் சொல்லிட்டேன்," என்றாள். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. சந்தோஷமாகச் சிரித்தான்.

ஈஸ்டருக்கு முந்தின வாரம் கூரை வேலைக்காரர்கள் வந்து பழைய தகரத்தைப் பிரித்தார்கள். நனைந்த உட்கூரையையும் இறக்கினார்கள். சாமான்களை ஏற்கெனவே மீக்கெஸ் வீட்டுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். தெமெலினாவையும் வெளியே போகச் சொன்னார்கள். கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் படுக்கையறைக்குள் போனாள். கட்டில் சட்டம் மட்டும் கிடந்தது. அதன் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

நாலு சுவர் இருந்தது, மேலே ஒன்றுமில்லை. வானம் அறைக்குள் இறங்கி வந்து, சுவர்களுக்குள் அளவாகப் பொருந்தி உட்கார்ந்திருந்தது. காற்றில் ஆற்று உப்பும் பஞ்சு காய்கிற வாடையும் வந்தன. ஒரு கூழைக்கடாப் பறவை மேலே கடந்தபோது அதன் நிழல் ஒரு சுவரில் ஏறி, அவள் மடி மேல் இறங்கி, மறு சுவரில் ஏறிப் போயிற்று. பிறந்த அறை அது. இதே மூலையில் செவாஸ்தி அவளைப் பெற்றாள். இத்தனை வருஷத்தில் இந்த அறைக்கு இவ்வளவு வெளிச்சம் உண்டு என்று அவளுக்குத் தெரியாது.

தெருவிலிருந்து கலோதீனாவின் குரல் வந்தது. "அக்கா! வெளிய வாங்க! மேல நிக்கிறவனுங்க எல்லாம் உள்ள பாக்குறானுங்க!"

"பாக்கட்டும்டி!"

கலோதீனா முணுமுணுத்துக்கொண்டே உள்ளே வந்தாள். மேலே பார்த்தாள். பேச்சு நின்றது. கட்டில் சட்டத்தில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா."

"என்ன?"

"எங்க சமையக்கட்டுல, பெரிய அலமாரி இருக்குல்ல... அதை ஏன் அந்த மூலைக்கு நகர்த்தினேன்னு நீங்க கேக்கவே இல்ல."

தெமெலினா திரும்பிப் பார்த்தாள். கலோதீனா வானத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"புயலுக்கு அப்புறமா?"

"மறுநாளே."

"மீக்கெஸுக்குத் தெரியுமா?"

"அவர்தான் அதுக்குப் பின்னாடி வண்ணம் அடிச்சார்."

மேலேயிருந்து வேலைக்காரர்களில் ஒருவன் குனிந்து, "அம்மா, இப்ப வெளிய போறீங்களா, ஆணி விழும்," என்றான். போகிறோம், போகிறோம் என்று தெமெலினா கையைக் காட்டினாள். ஆனால் எழுந்திருக்கவில்லை.